ஹெல்சிங்கி–டோக்கியோ: 7,830 கிலோமீட்டர் யாருடைய தூரம்?

இரண்டு விமான நிலையங்களின் பெயரைச் சொன்னால் போதும். தூரம் இவ்வளவு, பறக்கும் நேரம் இவ்வளவு என்று இரண்டு எண்கள் உடனே வந்து விழும். முதல் எண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை, அது பூமியின் அளவு. இரண்டாவது எண், முதல் எண்ணை ஒரு வேகத்தால் வகுத்து எடுத்தது. ஆகவே அதுவும் பூமியின் அளவு மாதிரிதான் என்று நாமே எடுத்துக்கொள்கிறோம். மலையின் உயரம், ஆற்றின் நீளம் வரிசையில் இதையும் சேர்த்துவிடுகிறோம்.

இந்த இரண்டாவது எண் மேல் எனக்குப் பெரிய புகார் உண்டு. முதல் எண் மேலும் கொஞ்சம் உண்டு. பொதுவாகப் பேசினால் ஒட்டாது என்பதால் ஒரே ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு பார்க்கலாம்: பின்லாந்தின் ஹெல்சிங்கி வான்டா, ஜப்பானின் நரிட்டா.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

வான்டா வடக்கு 60.317 பாகை, கிழக்கு 24.963 பாகை. நரிட்டா வடக்கு 35.765, கிழக்கு 140.386. பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரம் உள்ள உருண்டை என்று வைத்துக்கொண்டு ஹேவர்சைன் சூத்திரத்தில் போட்டால் மையக் கோணம் 70.41 பாகை, தூரம் 7,829 கிலோமீட்டர். 7,830 என்று வைத்துக்கொள்வோம். நேரத்துக்குப் பரவலாகப் புழங்கும் வாய்ப்பாடு ஒன்று இருக்கிறது: மணிக்கு 800 கிலோமீட்டர், ஏறவும் இறங்கவும் அரை மணி. அதன்படி 10 மணி 17 நிமிடம்.

2021 வரைக்கும் இது மோசமான விடை இல்லை. ஃபின்ஏர் விமானங்கள் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தன. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் திட்டம் போட அந்த அளவு துல்லியம் தாராளமாகப் போதும்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வான்வெளியை மூடின. பிப்ரவரி 28 அன்று ரஷ்யா பதிலுக்கு 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. ஃபின்ஏர் டோக்கியோ சேவையை நிறுத்திவிட்டு, மார்ச் 9 அன்று வேறு பாதையில் மீண்டும் தொடங்கியது. பயண நேரம் சுமார் 13 மணி.

வான்டா நகரவில்லை. நரிட்டாவும் நகரவில்லை. சூத்திரத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதே ஏ350 விமானம், அதே இருக்கை. ஒன்பதரை பதிமூன்றாகிவிட்டது. இன்றைக்கும் சூத்திரத்தைக் கேட்டா 10 மணி 17 நிமிடம்ன்னுதான் சொல்லும். அப்படியானால் 2021-இல் அது சரியாகச் சொன்னது எதை?

துல்லியம் எந்த இடத்தில்?

இந்தக் கணக்கை எழுதும் என் தொழில்காரர்கள் ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருப்பார்கள். பூமி சரியான உருண்டை கிடையாது. டபிள்யூஜிஎஸ்-84 அளவுகோலின்படி நிலநடுக்கோட்டு ஆரம் 6,378.137 கிலோமீட்டர், துருவ ஆரம் 6,356.752. அதனால் ஹேவர்சைன் போதாது, வின்சென்டி சூத்திரம் வேண்டும் என்பார்கள். தாடியஸ் வின்சென்டி 1975-இல் வெளியிட்ட அந்த முறை மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியமானது. பூமியின் நேரெதிர்ப் புறங்களில் இருக்கும் புள்ளிகளுக்கு மட்டும் சில சமயம் விடை தராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் குறையைச் சார்லஸ் கார்னி 2013-இல் தீர்த்தார். அழகான கணிதம், அதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை.

ஆனால் அளவைப் பாருங்கள். உருண்டைக்கும் நீள்கோளத்துக்கும் உள்ள வித்தியாசம் அதிகபட்சம் அரை சதவீதம். நம் ஜோடிக்கு அது 40 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும், விமானத்துக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தைத் திருத்த நீள்கோள வடிவியல் வரைக்கும் போகிறோம். மூன்றரை மணி நேரம் கூடியதைச் சொல்ல நம் கணக்கில் ஒரு கட்டம்கூட இல்லை.

கடலில் பிறந்த சூத்திரம்

ஹேவர்சைன் என்ற பெயரை 1835-இல் வைத்தவர் ஜேம்ஸ் இன்மன். அவர் எழுதியது கப்பலோட்டிகளுக்கான பாடநூல். மடக்கை அட்டவணையை வைத்துக் கையால் கணக்குப் போடுகிறவர்களுக்குச் சின்னக் கோணங்களில் பிழை பெருகாமல் இருக்க இந்த வடிவம் உதவியது. இன்றைக்குக் கணினியிலும் அதே காரணத்துக்காகத்தான் அதைப் பயன்படுத்துகிறோம்.

இந்தப் பிறப்பிடத்தை நாம் மறந்துவிட்டோம் என்பதுதான் என் வாதத்தின் மையம். ஆழ்கடல் யாருக்கும் சொந்தமில்லை, அதன்மேல் பெருவட்டத்தில் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். குறுக்கே நிலம் வந்தால் மாலுமி என்ன செய்வான்? சுற்றிப் போவான். நிலத்தைக் கடந்து போகிற பெருவட்டத் தூரத்தைக் கப்பலின் பயணத் தூரம் என்று எந்த மாலுமியும் எழுதிவைக்க மாட்டான், எழுதினால் சிரிப்பார்கள். அவனுக்குச் சூத்திரம் ஒரு கருவி. எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அதைப் பயன்படுத்தலாம் என்ற முடிவு அவனுடையது.

விமானம் வந்தபோது நிலம் தடையில்லை என்றாகிவிட்டது. ஆகவே சூத்திரத்தை எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்ற எண்ணமும் கூடவே வந்தது. ஆனால் விமானத்துக்கு வேறு வகை நிலம் இருக்கிறது. 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனியுரிமையான இறையாண்மை உண்டு என்கிறது. ஒரு நாட்டின்மேல் இறங்காமல் பறந்து போகும் உரிமையைப் பொதுவாக வழங்க அதே ஆண்டு தனி ஒப்பந்தம் ஒன்று உருவானது. சோவியத் யூனியன் அதில் சேரவில்லை, ரஷ்யாவும் சேரவில்லை. உலகத்தின் மிகப் பெரிய நாட்டின் வான்வெளி எப்போதும் தனித்தனிப் பேரத்தில்தான் திறந்திருக்கிறது. ஐரோப்பிய நிறுவனங்கள் சைபீரியாமேல் பறக்க ஏரோஃப்ளோட்டுக்குப் பணம் கட்டிவந்தது ஊரறிந்த விஷயம்.

ஆக 2022-க்குப் பிறகு ஃபின்ஏருக்கு ரஷ்யா என்பது, கப்பலுக்கு ஆப்பிரிக்கா மாதிரி. குறுக்கே நிற்கும் நிலம்.

இது முதல் தடவையும் இல்லை

1957 பிப்ரவரியில் எஸ்ஏஎஸ் நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து வடதுருவப் பகுதி வழியாக டோக்கியோவுக்குச் சேவை தொடங்கியது. விமானம் டிசி-7சி, நடுவில் இறங்கிய இடம் அலாஸ்காவின் ஆங்கரேஜ். ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போக அமெரிக்க மண்ணில் இறங்குவானேன் என்று வரைபடத்தைப் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். சோவியத் யூனியன் மூடியிருந்ததால்தான். ஆங்கரேஜ் பல ஆண்டுகளுக்கு உலகத்தின் முச்சந்தி மாதிரி இருந்தது அதனாலேயே.

1983 ஏப்ரலில் ஃபின்ஏர் ஒரு படி மேலே போனது. டிசி-10 விமானத்தில், எங்கும் இறங்காமல், வடதுருவத்தைத் தாண்டி, பெரிங் நீரிணை வழியாக, சோவியத் வான்வெளியைத் தொடாமல் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு முதல் இடைநில்லாச் சேவை அதுதான். பயண நேரம் சுமார் 13 மணி. ஆமாம், 2022-இலும் அதே 13. நாற்பது ஆண்டு எஞ்சின் முன்னேற்றம் முழுவதும் அந்த எண்ணில் தெரியவே இல்லை.

எல்லையைத் தொட்டால் என்ன ஆகும் என்பதும் அதே 1983-இல் தெரிந்தது. செப்டம்பர் 1 அன்று நியூயார்க்கிலிருந்து ஆங்கரேஜ் வழியாகச் சோல் போய்க்கொண்டிருந்த கொரியன் ஏர் லைன்ஸ் 007 பாதையிலிருந்து விலகி, கம்சாட்காவையும் சகாலினையும் கடந்தது. சோவியத் போர்விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். அந்த விமானத்துக்குக் குறித்துக் கொடுத்திருந்த பாதை வளைந்து போனதன் பொருள் அந்த 269 பேரின் சாவில் இருக்கிறது. வரைபடத்தில் நேரான கோட்டுக்கும் வளைந்த கோட்டுக்கும் நடுவே இருந்தது காலியிடம் கிடையாது.

சோவியத் யூனியனின் கடைசிக் காலத்தில் சைபீரிய வழி படிப்படியாகத் திறந்தது. அதற்குப் பிறகான முப்பது ஆண்டுச் சொச்சத்தில்தான் பெருவட்டக் கணக்கும் கடிகாரமும் ஒத்துப்போயின. சூத்திரத்தின் வெற்றி என்று நாம் நினைத்தது ஒரு அரசியல் பருவத்தின் இயல்பு. மழைக்காலத்தில் மட்டும் ஊருக்கு வந்தவன், அந்த ஆற்றில் எப்போதும் தண்ணீர் ஓடும் என்று எழுதிவைத்த கதைதான்.

உண்மையான பாதை எவ்வளவு?

கையால் ஒரு தோராயம் போடலாம். வான்டாவிலிருந்து வடதுருவம் 3,300 கிலோமீட்டர். துருவத்திலிருந்து பெரிங் நீரிணை 2,670. அங்கிருந்து நரிட்டா 4,670. மொத்தம் 10,640. கடைசித் துண்டு நேர்கோடாகப் போனால் கம்சாட்காவைத் தொட்டுவிடும், அதை ஒதுக்கிப் போக வேண்டும் என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும்.

தெற்கு வழி ஒன்றும் இருக்கிறது. கருங்கடல் பக்கம் இறங்கி, காக்கசஸ், காஸ்பியன், கசகஸ்தான், சீனா, கொரியா வழி. வார்னா, பாக்கு, அல்மாத்தி, சோல் என்று புள்ளி வைத்துக் கூட்டினால் சுமார் 11,450 கிலோமீட்டர் வருகிறது.

பெருவட்டத் தூரமான 7,830-ஆல் வகுத்தால் வடக்கு வழி 1.36 மடங்கு, தெற்கு வழி 1.46 மடங்கு. இதை "சுற்றல் விகிதம்" என்று வைத்துக்கொள்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க: சாதாரண நாளில் ஐரோப்பாவுக்குள் பறக்கும் விமானங்களுக்கு நேர்கோட்டைவிடக் கூடுதல் சுமார் 3 சதவீதம், அதாவது 1.03. அந்த 3 சதவீதத்தில் ஒரு பகுதியைக் குறைக்கக்கூட வான்போக்குவரத்துத் துறையினர் ஆண்டுக்கணக்காக உழைக்கிறார்கள்.

சரி, தூரத்தைத் திருத்திவிட்டால் நேரம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. 800 வாய்ப்பாட்டில் போட்டால் வடக்கு வழிக்கு 13 மணி 48 நிமிடம், தெற்கு வழிக்கு 14 மணி 49 நிமிடம். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேர வித்தியாசம். ஆனால் ஃபின்ஏர் இரண்டு வழிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. வரைபடத்தில் 800 கிலோமீட்டர் நீளமான வழியை ஒரு நிறுவனம் சில நாள் விரும்பி எடுக்கிறது என்றால், நேரத்தைத் தீர்மானிக்கும் இன்னொரு ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். காற்று.

சூத்திரத்துக்குத் திசை தெரியாது

ஹேவர்சைன் சூத்திரத்தில் தீர்க்கரேகை வித்தியாசம் வர்க்கமாக வருகிறது. போனாலும் வந்தாலும் ஒரே விடை. கணிதத்தில் அது சரி. ஆனால் பூமியின் நடு அட்சரேகைகளில் மேலடுக்குக் காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி ஓடுகிறது. அந்த ஓட்டம் உலகிலேயே மிக வலுவாக வீசும் இடங்களில் ஒன்று ஜப்பானின் வானம்.

இதைக் கண்டுபிடித்த கதையும் ஜப்பானில்தான் நடந்தது. டோக்கியோவுக்கு வடகிழக்கே தடேனோ வானிலை ஆய்வகத்தில் வாசாபுரோ ஓயிஷி 1920-களில் பலூன்களை விட்டு, தொலைநோக்கியால் தொடர்ந்து பார்த்து, உயரத்தில் பயங்கர வேகத்தில் மேற்குக் காற்று வீசுவதைப் பதிவு செய்தார். 1926-இல் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார், உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில். உலகம் கவனிக்கவில்லை. 1944-இல் டோக்கியோவைக் குண்டுவீச வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் திணறியபோதுதான் மற்றவர்களுக்குப் புரிந்தது. வாசிக்க ஆள் இல்லாத மொழியில் எழுதிய தரவும் தரவுதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

காற்றின் பங்கு எவ்வளவு என்பதற்கு அட்லாண்டிக்கில் ஒரு எளிய சாட்சி: 2020 பிப்ரவரியில், கியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. அதே பாதையில் சாதாரணமாக ஆறரை மணியை ஒட்டி ஆகும். எதிர்த்திசையில் அதற்கும் மேல். மூன்றுக்கும் சூத்திரம் தருவது ஒரே எண்.

2022-க்குப் பிறகு ஜப்பான் ஏர்லைன்ஸ் செய்தது இன்னும் சுவாரசியம். ரஷ்யா மூடிய பட்டியலில் ஜப்பான் இல்லை, ஆனாலும் ஜப்பானிய நிறுவனங்கள் தாமாகவே அந்த வான்வெளியைத் தவிர்த்தன. அதற்குப் பிறகு டோக்கியோ–லண்டன் விமானம் கிழக்கே கிளம்பி, அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து வழியாக லண்டன் சேர்ந்தது. திரும்பும்போது துருக்கி, மத்திய ஆசியா, சீனா வழி. ஆக, இரண்டு பயணமும் கிழக்கு நோக்கித்தான்! போய்த் திரும்பியவர் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். இந்தப் பயணத்துக்கு "டோக்கியோ–லண்டன் தூரம்" என்று ஒற்றை எண் சொல்வதில் பொருள் இருக்கிறதா?

எந்த விமானம் என்பதும் விடையில் இருக்கிறது

1983-இல் துருவம் தாண்டிய டிசி-10-க்கு மூன்று எஞ்சின். 2022-இல் போன ஏ350-க்கு இரண்டு. இது சாதாரண மாற்றம் இல்லை. 1953-இல் அமெரிக்காவில் வந்த விதிப்படி இரண்டு எஞ்சின் விமானம், ஒரு எஞ்சின் நின்றாலும் 60 நிமிடத்தில் இறங்கக்கூடிய நிலையம் இருக்கும் பாதையில்தான் போக வேண்டும். எஞ்சின்களின் நம்பகத்தன்மை கூடக் கூட இந்த வரம்பு 1985-இல் 120 நிமிடம், 1988-இல் 180 என்று நீண்டது. 2014-இல் ஏ350-900-க்கு ஐரோப்பிய அமைப்பு 370 நிமிடம் வரை சான்றளித்தது. இந்த எண்கள் ஒவ்வொன்றும் பூமியில் பறக்கக்கூடிய பரப்பை மாற்றியிருக்கின்றன.

துருவத்துக்கென்று தனிச் சங்கடங்களும் உண்டு. ஜெட் ஏ-1 எரிபொருள் −47 பாகை செல்சியஸில் உறையும், ஜெட் ஏ −40-இலேயே. அதனால் தொட்டியின் வெப்பநிலையைக் கண்காணித்துக்கொண்டே போக வேண்டும், தேவைப்பட்டால் உயரத்தையோ வேகத்தையோ மாற்ற வேண்டும். வடக்கு 82 பாகைக்கு மேலே புவிநிலைச் செயற்கைக்கோள்கள் அடிவானத்துக்குக் கீழே போய்விடும், பழைய உயர் அலைவரிசை வானொலியை நம்ப வேண்டும். சூரியப் புயல் வந்தால் அதுவும் கெடும். அமெரிக்க விதிப்படி துருவப் பாதையில் போகும் விமானத்தில் கடுங்குளிர் காப்பு உடைகள் இரண்டாவது இருக்க வேண்டும். எங்காவது இறங்க நேர்ந்தால் வெளியே போய்ப் பார்க்கிறவர்களுக்கு.

ஒரே நேரத்தில் இரண்டு தூரம்

இதுவரை சொன்னதை வைத்து, "அரசியல் மாறினால் தூரம் மாறும், அவ்வளவுதானே, எண்ணைப் புதுப்பித்தால் போச்சு" என்று ஒருவர் கேட்கலாம். லண்டன்–பெய்ஜிங்கை எடுத்துக்கொள்வோம். பெருவட்டத் தூரம் சுமார் 8,150 கிலோமீட்டர். சீன நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி திறந்திருக்கிறது, அவை பழைய குறுக்குப் பாதையில் போகின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு மூடியிருக்கிறது. 2024 அக்டோபரில் அந்நிறுவனம் தன் பெய்ஜிங் சேவையையே நிறுத்திவிட்டது. அதே நாள், அதே இரண்டு நிலையங்கள். வாலில் என்ன கொடி இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தூரம் மாறுகிறது.

ஆகவே இது இரண்டு புள்ளிகளை மட்டும் உள்ளீடாகக் கொண்ட சார்பு இல்லை. நிரல்மொழியில் சொன்னால், இரண்டு அளபுருக்கள் வாங்கும் செயற்கூறுக்குக் குறைந்தது நான்கு வேண்டும்: எங்கிருந்து, எங்கே, யார், எப்போது. மற்ற இரண்டையும் கேட்காமலே விடை தரும் செயற்கூறு அவற்றுக்கு மௌனமாக ஒரு இயல்பு மதிப்பை வைத்திருக்கிறது. அந்த இயல்பு மதிப்பு: எல்லா நாடும் எல்லா நாட்டுக்கும் திறந்திருக்கிறது.

இந்தியாவிலிருந்து பறப்பவர்களுக்கு இது புதிதும் இல்லை. 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் வான்வெளி மூடிக்கிடந்தபோதும், 2025 ஏப்ரலில் இந்திய நிறுவனங்களுக்கு மறுபடி மூடப்பட்டபோதும் டெல்லியிலிருந்து மேற்கே போகும் நேரம் கூடியது. வட அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் சில வியன்னாவில் எரிபொருள் நிரப்ப இறங்கின. டெல்லிக்கும் சிகாகோவுக்கும் உள்ள பெருவட்டத் தூரம் அன்றைக்கும் மாறவில்லை.

பெருவட்டத்துக்காகவும் ஒரு வார்த்தை

இவ்வளவும் சொன்னதால் பெருவட்டத் தூரத்தைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அது சரியாக வேலை செய்யும் இடங்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிமுறை, விமானம் ரத்தானால் பயணிக்குத் தர வேண்டிய இழப்பீட்டைத் தூரத்தை வைத்து நிர்ணயிக்கிறது: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, அதற்கு மேல் 400, தொலைதூரத்துக்கு 600. அந்தத் தூரத்தைப் பெருவட்ட முறையில்தான் அளக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. இது புத்திசாலித்தனம். நிறுவனம் எந்த வழியில் பறந்தது, ஏன் சுற்றியது என்ற வாக்குவாதத்துக்கு இடமில்லை. யாரும் வளைக்க முடியாத அளவுகோல் வேண்டிய இடத்தில் பெருவட்டம் நீதியானது.

அதே அளவுகோலைக் கார்பன் கணக்கில் போடும்போது அநீதியாகிவிடுகிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கார்பன் கணிப்பு முறை பெருவட்டத் தூரத்தோடு ஒரு திருத்தத்தைச் சேர்க்கிறது. 5,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணங்களுக்கு அது 125 கிலோமீட்டர். ஹெல்சிங்கி–டோக்கியோவுக்கு நாம் மேலே போட்ட குறைந்தபட்சக் கூடுதலே 2,800 கிலோமீட்டர். இதில் இன்னொன்றும் உண்டு. தூரம் கூடினால் எரிபொருள் கூடும், அந்தக் கூடுதல் எரிபொருளைச் சுமக்க இன்னும் எரிபொருள் வேண்டும். பிழை நேர்விகிதத்தைவிடச் சற்று அதிகமாகவே வளரும். வளிமண்டலத்துக்குப் பெருவட்டம் தெரியாது, எரிந்தது மட்டும்தான் தெரியும்.

நேரத்திலும் பணத்திலும் இதே கதை. ஃபின்ஏர் தன் தொழிலையே இந்தப் பெருவட்டத்தின் மேல்தான் கட்டியது. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்குக் குறுக்கு வழி ஹெல்சிங்கி மேல் போகிறது என்பது அவர்கள் பல ஆண்டு விளம்பரம். 2015-இல் ஐரோப்பாவில் முதலில் ஏ350 வாங்கியவர்கள் அவர்களே. அந்தக் குறுக்கு வழி மூடியபின் இரண்டு ஏ330 விமானங்களைக் குவாண்டாஸுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். ஆசியாவின் வடக்கு வானத்துக்கான கணக்கில் இருந்த விமானங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்கிழக்காசியாவுக்குப் பறந்தன. நகராத இரண்டு புள்ளிகளின் நடுவே இவ்வளவு நகர்ந்திருக்கிறது.

நம்மிடம் இருந்த பழைய அளவு

தமிழில் தூரத்தைச் சொல்லும் பழைய வழிகளைக் கவனித்தால் ஒன்று புலப்படும். "கூப்பிடு தூரம்" என்பதில் கூப்பிடும் ஆளும் கேட்கும் காதும் இருக்கின்றன. எதிர்க்காற்று அடித்தால் கூப்பிடு தூரம் குறையும் என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். "நாழிகை வழி" என்றால் ஒரு நாழிகையில் நடந்து கடக்கிற தூரம். நடக்கிறவரும் வழியும் அந்த அளவுக்குள்ளேயே இருக்கிறார்கள். மழைநாளில் அந்த வழி நீளும். துல்லியம் குறைவுதான். நிலம் அளக்கவும் வரி போடவும் உதவாது, அதனால்தான் மீட்டர் வந்தது, வந்தது நல்லது. ஆனால் பயணத்துக்குப் போகிறவரின் கேள்விக்கு அந்த அளவுகள் நேராகப் பதில் சொல்லின. நம் விமானத் தூரக் கணக்கு மீட்டரின் துல்லியத்தைக் காட்டிக்கொண்டே நாழிகை வழியின் கேள்விக்குப் பதில் சொல்லப் பார்க்கிறது.

என்ன செய்யலாம்?

என் யோசனை எளியது. பெருவட்டத் தூரத்தைத் தனியாகச் சொல்லுங்கள், அளவுகோலாக. நேரத்தை அதிலிருந்து வகுத்து எடுக்காதீர்கள். நிறுவனங்களின் கால அட்டவணையில் நிலையத்திலிருந்து நிலையத்துக்கு என்று போட்டிருக்கும் நேரத்தை, திசை, நிறுவனம், பருவம் மூன்றையும் குறிப்பிட்டுக் கொடுங்கள். அதில் ஓடுபாதைக் காத்திருப்பும், தாமதத்துக்காக நிறுவனம் சேர்த்துவைக்கும் சில நிமிடங்களும் கலந்திருக்கும்தான். இருந்தாலும் அது நிஜமாகப் பறந்தவர்களின் நேரம்.

மூன்றாவதாக, பறந்த தூரத்தைப் பெருவட்டத் தூரத்தால் வகுத்து அந்தச் சுற்றல் விகிதத்தையும் பக்கத்தில் போடுங்கள். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1.03 என்று இருந்தால் வானம் திறந்திருக்கிறது, கேட்க வேறொன்றும் இல்லை. 1.36 என்று இருந்தால் ஏதோ நடந்திருக்கிறது, என்னவென்று தேடலாம். 1983-இல் ஹெல்சிங்கி–டோக்கியோவுக்கு இந்த விகிதம் 1.36-ஐ ஒட்டி இருந்தது, 2021-இல் ஒன்றுக்குப் பக்கத்தில், 2022 மார்ச்சில் மறுபடி 1.36. இந்த மூன்று எண்களை ஆண்டோடு எழுதி ஒரு பள்ளி மாணவரிடம் கொடுத்தால், பனிப்போர் எப்போது முடிந்தது, எப்போது இன்னொன்று தொடங்கியது என்று அவரே கேட்பார். 7,830 என்ற எண்ணைப் பார்த்து யாருக்கும் எந்தக் கேள்வியும் வராது.